கற்பனைக் கடையும் கடைக்காரரும்



அயலூரில் குடியேறிய ஒருவருக்கு அவ்வூர் முதன்முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் ஒரு கடையின் வாயிலாகவே. காப்பிப்பொடியும் புழுங்கல் அரிசியும் எங்கே கிடைக்கும் என்று கேட்டறிந்த பிறகுதான் அண்டை வீட்டாரின் பெயரே தெரியவருகிறது. தில்லியின் கரோல் பாக், மும்பையின் மாதுங்கா, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் ஆகிய பகுதிகளில் தமிழர் வாழ்வு வேரூன்றிய வரலாற்றில் கடைகளுக்கும் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் உள்ள பங்கு சிறிதன்று. இவ்வுறவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அயலூரில் கடை வைத்தவரை அவ்வூர் அறிந்துகொள்வதும் அக்கடையின் வாயிலாகவேதான். அவருடைய வீடு, கல்வி, கவலை, பெருமை ஆகியவற்றுள் ஒன்றும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் பாதி உருவம் மட்டுமே தெரிகிறது.

மற்றப் பாதியை ஊரார் எவ்வாறு தாமாகவே நிரப்பிக்கொள்கின்றனர் என்பதற்குச் சிறந்ததோர் உதாரணம் அமெரிக்க நாட்டின் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் கிடைக்கிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்பது அத்தொடரின் பெயர். மாட் கிரெய்னிங் என்னும் ஓவியர் படைத்த இக்குடும்பம் 1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வேறொரு நிகழ்ச்சியின் நடுவே காட்டப்பெற்ற சிறு துணுக்குகளில் முதலில் தோன்றியது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதல் தனித் தொடராக வளர்ந்து, இன்றளவும் நடைபெற்று வருகிறது. கதை நிகழும் இடம் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை நகரம். அஃது அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் உள்ளதென்பதைக் கதை ஆசிரியர்கள் வேண்டுமென்றே மறைத்து வைத்துள்ளனர்.

நகரம் கற்பனையாயின் அதன் கடைத்தெருவும் கற்பனையாதல் இயல்பே. ஆண்கள் மாலையில் கூடிக் குடிக்கும் பானம் ‘டஃப்’ என்னும் பீர். குழந்தைகள் உண்ணும் காலைத் தானியத்தின் பெயர் ‘க்ரஸ்டி-ஓ’. க்ரஸ்டி என்பவன் தன் பெயரை எப்பொருளுக்கும் விலைக்கு விற்கும் ஒரு கோமாளி. சிறுமியர் விரும்பும் பொம்மை ‘மாலிபு ஸ்டேசி’. இடக்கைப் பழக்கமுடையோர்க்கென்றே ‘லெஃப்டோரியம்’ என்னும் கடை ஒன்று உண்டு. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது ‘க்விக்-ஈ-மார்ட்’ என்னும் சில்லறைக் கடை.

உண்மையான பொருள்களின் பெயர்களை வைத்துக்கொள்ளாமல் பொய்ப்பெயர்களைப் புனைந்ததற்குக் காரணம் என்ன? நிலைபெற்ற நிறுவனம் ஒன்றைப் பெயர் சொல்லி எள்ளினால் வழக்கு வரும். விளம்பரம் தருவோர் முகம் சுளிப்பர். பெயர் கற்பனையாயின் எள்ளலுக்குத் தடையில்லை. 1993ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் டஃப் தொழிற்சாலையைக் காட்டுகின்றனர். சாதாரண டஃப், மென்மையான டஃப், உலர் டஃப் என மூவகைப் பானங்களுக்கு மூன்று தனித் தொட்டிகள் நிற்கின்றன. ஆனால் மூன்றுக்கும் ஊற்று ஒரே குழாய்! விளம்பர உலகைப் பற்றி எழுதப்பெற்ற நெடிய ஆராய்ச்சியும் இக்காட்சியைவிடத் தெளிவாகக் கூறிவிட முடியாது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த பேசும் பார்பி பொம்மை, கணக்குப் பாடம் கடினம் என்று சொல்லிக் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1994ஆம் ஆண்டில் மாலிபு ஸ்டேசியும் பேசத் தொடங்கி, அறிவுக்குப் பொருந்தாதவற்றையே பேசினாள். அதற்கு மாற்றாக லிசா என்னும் சிறுமி அறிவுள்ள பொம்மை ஒன்றைச் செய்விக்க, பழைய பொம்மைக்குப் புதுத் தொப்பி அணிவித்துச் சந்தையைத் திருப்பிக்கொண்டனர் அதன் முதலாளிகள். பெருவணிகம் தன் வலிமையால் எளியோரை ஏமாற்றும் வகையை இக்கற்பனைப் பொருள்கள் அம்பலப்படுத்தின. எளியோர் வலியோரைப் பார்த்து நகைத்த நகை இது. ஆகவே எவர்க்கும் இதனால் புண்படவில்லை.

கற்பனைப் பொருள்கள் நாளடைவில் திரையை விட்டு வெளியேறின. ஆஸ்திரேலியாவில் மதுவடிப்பு நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து டஃப் என்னும் பெயரிலேயே ஒரு பீரை விற்கத் தொடங்கின. தொடரின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். தொடரின் உருவங்களை நாங்கள் பயன்படுத்தவில்லை, பெயரை மட்டுமே கொண்டோம் என்பது விற்றவர்களின் வாதம். 1996ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தொடருக்கும் பானத்துக்கும் தொடர்பு உண்டென்று மக்கள் மயங்குவர். அம்மயக்கத்தை நாடியே பெயர் தேர்ந்தெடுக்கப்பெற்றது எனத் தீர்ப்பு அமைந்தது. எவரும் ஒருபோதும் வடிக்காத மதுவுக்கும் சந்தையில் ஒரு நற்பெயர் உண்டு, அதனைக் காக்கச் சட்டமும் உண்டு என்பது இவ்வழக்கால் நிலைநாட்டப்பெற்றது. பிற்காலத்தில் உரிமையாளர்களின் இசைவுடனேயே, ஃபுளோரிடா மாநிலத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் டஃப் விற்பனைக்கு வந்தது.

2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கடையே வெளிவந்தது. சிம்ப்சன் குடும்பத்தின் முழுநீளத் திரைப்படம் வெளியாகும் தறுவாயில், ‘செவன்-இலெவன்’ என்னும் கடைத்தொடர் அமெரிக்காவில் பதினொரு கடைகளையும் கனடாவில் ஒரு கடையையும் க்விக்-ஈ-மார்ட்டாக உருமாற்றியது. கற்பனைத் தானியமும் கற்பனைக் குளிர்பானமும் அக்கடைகளின் அலமாரிகளில் உண்மையாகவே அடுக்கப்பெற்றன; மக்கள் வரிசையில் நின்று வாங்கினர்.

செவன்-இலெவன் இதற்கு முன்வந்தது தற்செயல் அன்று. க்விக்-ஈ-மார்ட் என்னும் கற்பனைக்கு முன்மாதிரியே அத்தகைய கடைதான். 1927ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் பனிக்கட்டி விற்ற நிறுவனம் ஒன்று, பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்கத் தொடங்கியதே அதன் பிறப்பு. காலை ஏழு மணி முதல் இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும் என்பதை அறிவிக்க 1946இல் அப்பெயர் சூட்டப்பெற்றது. பின்னர்ப் பல கடைகள் இரவு முழுதும் திறந்திருந்தன. உரிமம் பெற்றுத் தனியார் நடத்தும் முறையும் பரவியது. இம்முறையே இந்தியக் குடியேறிகளுக்கு வாயில் திறந்தது.

அமெரிக்கா இந்தியர்களை எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து குடியேறுவதைத் தடுத்தது. 1923ஆம் ஆண்டில் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் கதவு சற்றே திறந்து, ஆண்டுக்கு நூறு இந்தியர் வரலாம் என்றாயிற்று. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நாட்டைக் கொண்டு ஒதுக்கும் முறை ஒழிந்த பிறகே மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருந்தொகையினராகச் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து உறவினர் சென்றனர். அயல்நாட்டுப் பட்டத்துக்கு மதிப்புக் கிடைக்காதவர்களும், பட்டமே பெறாதவர்களும் கடைகளையும் சாலையோர விடுதிகளையும் நாடினர். கணவனும் மனைவியும் மக்களும் முறை வைத்து உழைத்தால் கூலியாள் தேவையில்லை. உள்ளூரார் விரும்பாத நள்ளிரவு நேரமும் இவர்களுக்கு வருவாய் தரும் நேரமாயிற்று. விடுதித் தொழிலில் ஈடுபட்ட இந்திய வம்சாவளியினர் தமக்கு நேர்ந்த பாகுபாட்டை எதிர்க்க, 1989ஆம் ஆண்டில் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கத்தை நிறுவினர். சிம்ப்சன் தொடர் தனித் தொடரானதும் அதே ஆண்டிலேதான்.

இந்தப் பின்னணியில், 1990ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் க்விக்-ஈ-மார்ட்டின் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் அப்பு என்னும் இந்தியக் கடைக்காரர் தோன்றினார். சத்யஜித் ராய் 1955ஆம் ஆண்டில் ‘பதேர் பாஞ்சாலி’ வாயிலாக உலகுக்கு அளித்த வங்காளச் சிறுவனின் பெயரே இவருக்கு இடப்பெற்றது. குலப்பெயரோ ‘நஹாசபீமபெட்டிலன்’, இந்திய மொழி எதிலும் வழங்காத, நாக்குச் சுளுக்கும்படி புனைந்த ஒரு பெயர். பின்னர் இவருக்கு வாய்த்த மனைவியின் பெயர் மஞ்சுளா. அது தென்னாட்டில் நன்கு பழகியது. ஆக, பெயர் வங்கம், குலம் வெறும் ஓசை, இல்லாள் தெற்கு. மொழிகளும் மாநிலங்களும் கலந்து குழைந்து ‘இந்தியர்’ என்னும் ஒரே சரக்காகிவிட்டன. நம்மவர் நால்வகை மொழியினராயினும் வடக்கே ‘மதராஸி’ என்னும் ஒரே சீட்டு அவர்கள்மேல் ஒட்டப்பெற்றதை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

கதை ஆசிரியர்கள் அப்புவைத் தாழ்வாகவே படைத்தனர் என்று கூறுதல் நியாயமாகாது. அவர் கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். காலங்கடந்த இறைச்சியைத் தேதி மாற்றி விற்பவரும் அவரே. நண்பனுக்கு உற்றுழி உதவுபவரும் அவரே. 1995ஆம் ஆண்டுக் கதையில் புலால் மறுத்த லிசாவுக்கு, தன் கொள்கையில் நிற்பதோடு பிறர் வழியைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும் என அறிவுறுத்துபவர் அவரே.

1996ஆம் ஆண்டுக் கதை இன்னும் ஆழமானது. ஊரில் வரி உயர்கிறது. மக்கள் சினங்கொள்கின்றனர். நகரத் தலைவர் பழியைக் குடியேறிகள்மேல் சுமத்தி, அவர்களை வெளியேற்ற வாக்கெடுப்பு ஒன்றை அறிவிக்கிறார். கலிஃபோர்னியாவில் 1994இல் நடந்த 187ஆம் முன்மொழிவு வாக்கெடுப்பின் எதிரொலி அது. அஞ்சிய அப்பு போலிச் சான்றிதழ் வாங்கி, தொப்பியணிந்து உள்ளூரான்போல் நடிக்கிறார். பின்னர்த் தாய்தந்தையரை நினைந்து நாணி, முறைப்படி தேர்வெழுதிக் குடியுரிமை பெறுகிறார். வாக்கெடுப்போ வெற்றி பெற்றுவிடுகிறது. வெளியேற்றப்படுபவர் பள்ளித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர்! மண்ணின் மைந்தர் என்னும் முழக்கம் 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள், இக்கதையை வெறும் வேடிக்கையாகக் கொள்ளமாட்டா. நாட்டில் எங்கும் செல்லவும், குடியிருக்கவும், தொழில் நடத்தவும் நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை தந்துள்ளது. ஆயினும் சட்டம் தந்த உரிமையை அண்டை வீட்டார் மனத்திலும் பெற வேண்டியிருக்கிறது.

இத்தனை நற்பண்புகள் இருந்தும், அப்புவின் உருவம் புண்படுத்தியது எதனால்? குரலினால். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸேரியா என்னும் அமெரிக்க நடிகர், இந்தியர் அல்லர். 1968ஆம் ஆண்டில் ‘தி பார்ட்டி’ என்னும் படத்தில் பீட்டர் செல்லர்ஸ் என்னும் ஆங்கில நடிகர் முகத்தில் நிறம் பூசி இந்தியராக நடித்த நடிப்பே தமக்கு முன்மாதிரியாயிற்று என அஸேரியா பிற்காலத்தில் கூறினார். போலியைப் பார்த்துச் செய்த போலி அது. கடைக்காரரின் கல்வியும் அன்பும் சில கதைகளில் மட்டும் வந்தன. உச்சரிப்போ அவர் வாய் திறந்தபோதெல்லாம் வந்தது. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று நம் ஊர்க் கடைதோறும் பலகையில் எழுதியிருக்கும் சொற்கள், அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியக் குழந்தைகளை எள்ளும் சொற்களாயின. தந்தை மருத்துவராயினும், ஆசிரியராயினும், குழந்தைக்குக் கிடைத்த பட்டம் கடைக்கார அப்புதான். பின்னாளில் அந்நாட்டுத் தலைவரான ஜோ பைடன், 2006ஆம் ஆண்டில் செனட்டராக இருந்தபோது, இந்திய உச்சரிப்பு இல்லாதவர் செவன்-இலெவன் கடைக்குள் நுழைய முடியாது என்னும் கருத்துப்படப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். இந்தியர்களைப் பாராட்டும் நோக்கத்தோடு பேசிய பேச்சு அது. பாராட்ட வந்தவர்க்கும் கைக்கெட்டிய உருவம் அஃதொன்றே.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் தொடரே இதனைத் தொட்டது. அமெரிக்காவிலேயே வளர்ந்த அப்புவின் உறவினப் பையன் ஒருவன் கடையைப் புதுமுறையில் மாற்றியமைத்து, அப்புவின் பேச்சையும் போக்கையும் முகத்துக்கு நேரே எள்ளுகிறான். அப்பையனுக்குக் குரல் கொடுத்தவர் இந்திய வம்சாவளியினரான உத்கர்ஷ் அம்புத்கர். 2017ஆம் ஆண்டு நவம்பரில் ஹரி கொண்டபோலு என்னும் நகைச்சுவைக் கலைஞர், அப்புவால் வரும் சிக்கலைப் பற்றி ஓர் ஆவணப் படம் வெளியிட்டார். நியூயார்க்கில் தெலுங்குப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், தாமும் அத்தொடரின் அன்பர் என்பதை மறைக்கவில்லை. நடிப்புத் தேர்வுக்குச் சென்ற இந்திய வம்சாவளி நடிகர்களிடம் அந்த உச்சரிப்பே கேட்கப்பெற்ற கதையை அப்படம் கூறியது. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடர் அதற்கு மேம்போக்கான மறுமொழி ஒன்றைக் கூறி மேலும் கண்டனம் பெற்றது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அஸேரியா அக்குரலைக் கைவிட்டார். 2021இல் வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். அதன்பின் அப்பு கூட்டத்தில் ஒருவராகப் பேசாமல் நிற்பதையே காண்கிறோம்.

இம்முடிவு நமக்கு முழு நிறைவு தரவில்லை. எள்ளலுக்கு ஆளான கடைக்காரர் வாயடைத்துப்போனார். அவர் வாயிலிருந்து அவருடைய சொந்தப் பேச்சு வருவதற்கு வழி பிறக்கவில்லை. இந்திய நடிகர் ஒருவரின் குரலில், இந்திய எழுத்தாளர்களும் கூடி எழுதிய கதையில், அக்கடை மீண்டும் திறந்திருந்தால் அதுவே தக்க பரிகாரமாக இருந்திருக்கும்.

கற்பனைப் பீருக்கும் கற்பனைக் கடைக்காரருக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்படுகிறது. பீருக்கு நற்பெயர் இருந்தது; அதனைக் காக்க உரிமையாளர் இருந்தனர்; நீதிமன்றமும் இருந்தது. கடைக்காரரின் முகமும் பேச்சும் எவருக்கு உரியவை? அவற்றை நாள்தோறும் சுமந்து திரியும் பல்லாயிரம் மக்களுக்கு உரியவை. அவர்களோ வழக்கிட இயலாதவர்கள். குற்றம் அந்த ஒரு சித்திரத்தில் மட்டும் இல்லை. நெடுங்காலம் அஃதொன்றே சித்திரமாக இருந்ததிலும் உண்டு. தொலைக்காட்சியில் நூறு வெள்ளைக்காரர் வருகின்றனர். அவர்களுள் சோம்பேறிக் குடியரும் உண்டு, அறிவுடைச் சிறுமியும் உண்டு. ஹோமர் சிம்ப்சனைக் கண்டு அமெரிக்கர் யாவரும் அத்தகையோரே என்று எவரும் எண்ணுவதில்லை. அருகே வேறு சித்திரமின்றித் தனித்து நின்ற ஒரே காரணத்தால் அப்பு ஓர் இனத்தின் விளம்பரப் பலகையானார்.

பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக வேடமிட்ட அதே 1968ஆம் ஆண்டில், மும்பையில் ‘படோசன்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதில் மெஹ்மூத், குடுமியும் உச்சரிப்பும் கொண்ட தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார். நாமும் சிரித்தோம், அவர் திறமைக்கு அது தகும். எனினும், வடநாட்டு அலுவலகத்திலோ பள்ளியிலோ ‘ஐயோஜி’ என்று அழைக்கப்பெற்றவர்க்கு அச்சிரிப்பின் மறுபக்கமும் தெரியும். தமிழ்த் திரை மட்டும் இதற்கு விலக்கா? கொச்சைத் தமிழ் பேசும் வட்டிக்கடைச் சேட்டும், இரவுக் காவல் புரியும் கூர்க்காவும் எத்தனை படங்களில் பெயரின்றி வந்து போயினர்! சந்திரனில் முதலில் இறங்கிய மனிதன் அங்கே ஒரு நாயர் டீக்கடையைக் கண்டான் என்னும் வேடிக்கை தமிழ்நாட்டில் வழங்காத ஊர் இல்லை. அதில் மலையாளியின் உழைப்புக்கு ஒரு வியப்பு உண்டு. அவரை டீக்கடைக்கு அப்பால் அறியாத அறியாமையும் உண்டு.

ஆதலின் சிரிக்கக் கூடாதென்பது நம் கருத்தன்று. உச்சரிப்பு வேறுபட்டால் நகை பிறப்பது இயல்பு. அந்நகையால் நட்பும் பிறப்பதுண்டு. ஆனால், நாம் சிரிக்கும் மனிதரைப் பற்றி வேறு என்ன அறிவோம் என்னும் வினாவை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே அறியோம் என்பது விடையானால், அந்தச் சிரிப்பு டஃப் பீரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் போன்றதன்று. பண்டத்தை எள்ளினால் பண்டத்துக்கு வலிப்பதில்லை.

இன்று தென்னாட்டார் வடக்கேயும், வடகிழக்கு மாநிலத்தாரும் பீகாரியரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கடைகளில் நிற்கின்றனர். செவன்-இலெவன் நிறுவனமே 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பையில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. பலகைகள் மாறும், சரக்குகளின் பெயர்களும் மாறும். குடியேறியவர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிற்பதும், வாடிக்கையாளர் முன்னால் நிற்பதும் மாறப்போவதில்லை. பெரும்பாலும் அவ்விரு நிலைகளிலும் நின்று பழகியவர் நாம். பலகையில் எழுதியிருப்பது கடையின் பெயர். கடைக்காரரின் பெயரை நாம் கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.